கேரி கில்டால்

கணினியின் விசையை அழுத்திய பின்னர், திரையில் எழுத்துத் தோன்றுதற்கு முன்னர்க் கழியும் சில நொடிகளில் நிகழ்வது யாதென எண்ணிப் பார்ப்பார் சிலரே. மின் அறுந்த பொழுதே அதன் நினைவகம் வெறுமையாகிவிடுகின்றது. வேண்டிய நிரல்கள் யாவும் வட்டில் உறங்கிக் கிடக்கின்றன. வட்டினைப் படித்தற்கும் ஒரு நிரல் வேண்டும். அந்நிரலும் வட்டிலேயே கிடக்குமாயின் அதனைப் படித்துத் தருவது யாது? விதை முந்தியதோ மரம் முந்தியதோ என்னும் பழைய வழக்கு ஈண்டும் எழுகின்றது. இச்சிக்கலை அவிழ்க்கும் பொருட்டே, மின் அறுந்தாலும் அழியாத சில்லொன்றில் சிறு நிரலைப் பதித்து வைக்கின்றனர். அது முதலில் விழித்துத் தன்னினும் பெரியதை எழுப்ப, அது மேலும் பெரியதை எழுப்புகின்றது. இவ்வாறு எழுப்புதலைப் பூட் என்பர். நெடுங்காலம் பயாஸ் என்னும் பெயரால் வழங்கிவந்த அச்சில்லின் நிரல், இந்நூற்றாண்டில் யூ.ஈ.எஃப்.ஐ. என்னும் புதுமுறைக்கு இடங்கொடுத்து ஒதுங்கலாயிற்று. அப்பொழுது, எவரும் படித்துத் திருத்துமாறு திறந்து விடப்பட்ட இயங்குதளங்களைப் பேணிவருவோர், அவை புதிய பொறிகளிலும் விழித்தெழுமாறு அவற்றின் முகப்பை மீண்டும் எழுதவேண்டியதாயிற்று. பயாஸ் என்னும் பெயரை முதன்முதல் இட்டவரும், பொறியின் இயல்பை அறிந்த பகுதி இது, அறிய வேண்டாத பகுதி இது என நுண்கணினிகளின் உலகில் எல்லைக்கல் நட்டவரும் ஒருவரே. அவர்தாம் கேரி கில்டால்.

அவர் பெயரைக் கேட்டாருள்ளும் பலர் அவரைப் பற்றி அறிந்தது ஒரே கதை. உலகின் பெருநிறுவனம் ஒன்று பெருஞ்செல்வத்தோடு வாயிலில் வந்து நின்றபொழுது, அதனைக் காக்க வைத்து விமானமோட்டிக் களித்திருந்த பேதை அவர் என்பதே அக்கதை. ஒருவர்தம் வாழ்நாள் முழுவதையும் ஒரு நாளின் பிற்பகலால் அளப்பது முறையன்று. ஆதலின் அவர் வரலாற்றைத் தொடக்கமுதல் கூறுவேன்.

கில்டால் 1942-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள், அமெரிக்காவின் வடமேற்கிலுள்ள சியாட்டில் நகரில் பிறந்தார். தந்தைவழியினர் நார்வே நாட்டு மரபினர், கடலோடு பழகியவர். பாட்டனார் தொடங்கிய மாலுமிப் பள்ளியைத் தந்தையார் நடத்திவந்தார். ஞாயிறு, திங்கள், விண்மீன் ஆகியவற்றை நோக்கிக் கப்பல் நிற்கும் இடத்தைக் கணிக்கும் முறை அங்கே கற்பிக்கப்பட்டது. இளைஞராகிய கில்டாலும் அப்பள்ளியில் கற்பித்ததுண்டு. கணித ஆசிரியராதல் வேண்டும் என்னும் அவாவோடு வாஷிங்டன் பல்கலைக்கழகம் புகுந்த அவர், அங்கே கணினியைக் கண்டார். கண்டபின் கணிதம் இரண்டாம் இடத்துக்குச் சென்றது. பள்ளிநாள் முதற் பழகிய டாரதி மெக்யூவன் என்னும் நங்கையை மணந்தார். 1972-இல் முனைவர் பட்டம் பெற்றார். நிரலை முழுவதும் ஆராய்ந்து வீண் கட்டளைகளை நீக்கிச் செம்மையாக்கும் முறை பற்றி அவர் 1973-இல் வெளியிட்ட கட்டுரை, நிரல்மொழிகளைப் பொறிமொழியாக மாற்றும் கலையில் இன்றும் அடிப்படைகளுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றது. வேறொன்றும் செய்யாதிருந்தாலும் அஃதொன்றே அவர் பெயரை அறிஞர் அவையில் நிறுத்தியிருக்கும் என்பது என் கருத்து.

வியட்நாம் போர் நடந்த காலம் அது. படைச்சேவைக் கடமையினின்றும் இளைஞர் எவரும் எளிதில் விலக இயலாது. கடற்படையார் அவரைக் கப்பலுக்கு அனுப்பாமல், கலிபோர்னியாவிலுள்ள மான்டரே என்னும் கடற்கரை ஊரில் தாம் நடத்திய மேற்படிப்புக் கல்லூரியில் ஆசிரியராக அமர்த்தினர். கடமைக்காலம் முடிந்த பின்னரும் அவர் அக்கல்லூரியை விட்டு நீங்கவில்லை. வாணிகம் செய்து பொருளீட்டியவராகவே உலகம் அவரை அறியும். மனத்தால் அவர் ஆசிரியர். பிற்காலத்தில் அவருக்கு நேர்ந்த இழப்புகளுள் பலவும் இவ்வொன்றை மறந்தவர்க்கு விளங்கா.

இன்டெல் நிறுவனம் 4004 என்னும் சில்லை 1971-இல் வெளியிட்டது. கைந்நகத்தின் அளவினதாகிய ஒரு சிலிக்கான் துண்டில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்களை அடக்கிய அச்சில்லை, கணக்கிடும் சிறு கருவிகளுக்கும் தெருவிளக்கு முதலிய பொறிகளுக்கும் உரியதென்றே பெரும்பாலார் கருதினர். கில்டாலோ அதனைக் கணினியாகவே கண்டார். மாலுமியின் கணக்குகளைத் தானே போட்டுத் தரும் கைப்பொறியொன்று வேண்டும் எனத் தந்தையார் நெடுநாளாக விரும்பியிருந்தது அவர் நெஞ்சில் இருந்தது. சில்லை வைத்து ஆராயத் தக்க கருவிகள் கையில் இல்லாமையால், கல்லூரியின் பெருங்கணினியிலேயே அச்சில்லைப் போல நடிக்கும் நிரலொன்றை இயற்றி, அதன்மேல் தம் சோதனைகளை நடத்தினார். இன்டெல் நிறுவனத்தார் அதனைக் கண்டு வியந்து அவரைத் தம் ஆலோசகராக ஏற்றனர். அவர்களுக்காக அவர் 1973-இல் பி.எல்.எம். என்னும் நிரல்மொழியை ஆக்கித் தந்தார். கைம்மாறாகக் கிடைத்த சிறு கணினி வகுப்பறைக்குச் சென்றது; மாணவர் அதனைச் சூழ்ந்துகொண்டனர்.

அக்கணினிக்குத் தாள்நாடாவில் துளையிட்டே நிரலை ஊட்டவேண்டும். நாடா அறுந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அவ்வமயம் ஷூகார்ட் என்னும் நிறுவனத்தார் எட்டு அங்குல நெகிழ்வட்டுகளைச் செலுத்தும் பொறியைச் செய்து வந்தனர். சோதனையில் தேய்ந்துபோன பழைய பொறியொன்று கில்டாலுக்குக் கிடைத்தது. வட்டு இருந்தது, அதனைக் கணினியோடு பிணைக்கும் மின்பலகை இல்லை. அதனைத் தாமே செய்ய முயன்றார், இயலவில்லை. நிரற்கலையில் வல்லவர் மின்கலையிலும் வல்லவராதல் வேண்டும் என்னும் நியதி இல்லையன்றோ! நெடுங்காலம் அப்பொறி வாளாவிருந்தது. முடிவில் அவர் நண்பர் ஜான் டோரோடி என்பார் பலகையை அமைத்துக் கொடுத்தார். அதற்கிடையே வட்டினை ஆளும் நிரலைக் கில்டால் எழுதி முடித்திருந்தார். 1974-இல், மான்டரேக்கு அருகிலுள்ள பசிபிக் குரோவ் என்னும் சிற்றூரில், அந்நிரல் முதன்முதல் விழித்துத் திரையில் தன் அடையாளத்தைக் காட்டியது. அதுவே சி.பி.எம். என்னும் இயங்குதளம். இன்டெல் நிறுவனத்தார்க்கே அதனை விற்க முன்வந்தார்; அவர்கள் பி.எல்.எம். மொழியைப் போற்றினரேயன்றி இதனை வேண்டிலர்.

இனி, அவர் செய்தவற்றுள் தலையாயதாக யான் கருதுவதைச் சிறிது விரித்துரைக்க வேண்டும். இம்சாய் என்னும் நிறுவனத்தார் தாம் செய்த நுண்கணினிகளில் வட்டினை இணைத்து விற்கக் கருதிச் சி.பி.எம். நிரலை நாடினர். அவர்களுடைய மின்பலகை வேறு. டோரோடி அமைத்த பலகை வேறு. புதுப்பலகை வரும்தோறும் நிரல் முழுவதையும் துழாவி, வட்டினைத் தீண்டும் இடங்களையெல்லாம் தேடித் திருத்த வேண்டியிருந்தது. அச்சலிப்பு கில்டாலுக்கு முன்னரே உண்டு. இம்முறை அவர் மற்றொரு வழி கொண்டார். வட்டு, விசைப்பலகை, திரை, அச்சுப்பொறி என்னும் உறுப்புகளை நேரே தீண்டும் வரிகள் அனைத்தையும் பிரித்தெடுத்து ஓரிடத்தில் தொகுத்தார். அத்தொகுதிக்குப் பயாஸ் எனப் பெயரிட்டார். எஞ்சிய பகுதி பொறியின் இயல்பு எதனையும் அறியாது. எழுத்தொன்று வேண்டுமாயினும், வட்டின் தடமொன்றைப் படிக்க வேண்டுமாயினும் அது பயாஸின் வாயிலில் நின்று கேட்கும். பயாஸ் அதனைச் செய்து தரும். பின்னர்ப் பெரிதும் பரவிய 2.2-ஆம் பதிப்பில் அவ்வாயில்கள் 17. அவற்றுள் முதலாவது, குளிர்ந்து கிடக்கும் பொறியை எழுப்புதற்குரிய பூட் என்னும் வாயில்.

கடல்கள் பலவற்றைக் கடந்த கப்பல் தலைவரும், துறைமுகத்தை நெருங்கியவுடன் அத்துறையின் மணல்மேடுகளை அறிந்த வழிகாட்டி ஒருவரைக் கப்பலில் ஏற்றிக்கொள்கின்றார். துறைக்கொரு வழிகாட்டி உண்டு. கப்பலை மாற்ற வேண்டுவதில்லை. பயாஸ் அத்தகையது. புதிதாய்க் கணினி செய்வோர் சில பக்க அளவில் தமக்குரிய பயாஸை எழுதிக்கொண்டால் போதும். இயங்குதளமும், அதன்மேல் இயங்கும் கணக்கு நிரல்களும் எழுத்து நிரல்களும் ஒரு வரியும் மாறாமல் அங்கே இயங்கும். இதன் பயன் பெரிது. நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் ஒன்றோடொன்று ஒவ்வாத பொறிகளைச் செய்து விற்ற அக்காலத்தில், நிரல் எழுதுவோர் பொறிதோறும் மீண்டும் எழுத வேண்டாதாராயினர். நுண்கணினிகளுக்கென நிரல் விற்கும் வாணிகம் வளர்ந்ததற்கு இஃது ஒரு முதற்காரணம்.

கில்டாலும் டாரதியும் தொடங்கிய நிறுவனம் முதலில் விண்மீன் மண்டலங்களை அளாவும் நெடும்பெயர் பூண்டிருந்தது. பின்னர் டிஜிட்டல் ரிசர்ச் எனச் சுருங்கியது. பசிபிக் குரோவில் லைட்ஹவுஸ் தெருவிலிருந்த பழைய மாளிகையொன்றில் அலுவலகம் நடந்தது. வாணிகத்தையும் ஒப்பந்தங்களையும் பெரும்பாலும் டாரதி அம்மையாரே கவனித்தார். கில்டால் தம் அறையில் நிரல் எழுதினார். தாம் அறிந்ததைக் கேட்போர்க்கு ஒளியாமற் சொன்னார். ஓய்ந்த பொழுதில் தம் சிறு விமானத்தை ஓட்டினார்.

1980-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தார் தாம் மறைவாகச் செய்துகொண்டிருந்த கணினிக்கு இயங்குதளம் தேடி முதலில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தை அணுகினர். தம்மிடம் அஃது இல்லையாதலின் அந்நிறுவனத்தார் கில்டாலிடம் அனுப்பினர். ஐ.பி.எம். தூதுவர் பசிபிக் குரோவ் வந்த அன்று கில்டால் விமானத்திற் சென்றிருந்தது மெய்யே. ஆயினும் களிப்புக்காகச் சென்றிலர். முன்னரே ஏற்றுக்கொண்ட அலுவலின் பொருட்டு வாடிக்கையாளர் ஒருவரைக் காணச் சென்றிருந்தார். வந்தவர்கள் தம் மறைபொருளை வெளியிடுவதில்லை என்னும் உறுதிப் பத்திரத்தில் முதலிற் கையெழுத்துக் கேட்டனர். அப்பத்திரம் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தமையால், வழக்கறிஞரைக் கலந்த டாரதி அம்மையார் தயங்கினார். அன்று பிற்பகல் கில்டால் திரும்பியதும் என்ன நிகழ்ந்தது என்பதில் அங்கிருந்தோர் கூற்றுகள் ஒன்றற்கொன்று மாறுபடுகின்றன. உடன்பாடு ஏற்படவில்லை என்பது மட்டும் உறுதி.

சியாட்டில் நகரிலே டிம் பேட்டர்சன் என்பார், இன்டெல்லின் புதிய 8086 சில்லுக்காக இயங்குதளமொன்றை அவ்வாண்டே எழுதியிருந்தார். சி.பி.எம். நிரல்களை எளிதில் மாற்றிக்கொள்ளுமாறு அதன் வாயில்கள் சி.பி.எம். வாயில்களைத் தழுவியே அமைந்திருந்தன. மைக்ரோசாஃப்ட் அதனை விலைக்கு வாங்கி ஐ.பி.எம். நிறுவனத்துக்கு அளித்தது. அதனைக் கண்ட கில்டால் முறையிட்டார். நிரலின் புறத்தோற்றத்தைப் பின்பற்றுதல் குற்றமாமோ என்பதில் அக்காலச் சட்டம் தெளிவாக இருக்கவில்லை. வழக்காடாமல் இருப்பதற்கு ஈடாக, அவருடைய சி.பி.எம்.-86 நிரலையும் விற்பதாக ஐ.பி.எம். இசைந்தது. சொற்படியே விற்றது, ஆனால் ஒன்றன் விலை 40 டாலர், அவர் நிரலின் விலை 240 டாலர். 1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளிவந்த அக்கணினியை வாங்கியோர் எதனைத் தேர்ந்தனர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இதனிடையே மற்றொன்று நிகழ்ந்தது. அதனைக் கவனித்தார் சிலரே. அப்புதுக் கணினியினுள், உறுப்புகளை ஆளும் நிரல் அழியாச் சில்லில் பதிக்கப்பட்டிருந்தது. அதற்கு இட்ட பெயர் பயாஸ். கில்டாலின் பயாஸ் வட்டிலிருந்து ஏறுவது, இது சில்லிலேயே உறைவது என்னும் வேற்றுமை உண்டு. பெயரும் கருத்தும் அவருடையனவே. அவருடைய இயங்குதளம் புறத்தே நிற்க, அவர் நட்ட எல்லைக்கல் உள்ளே சென்றது.

அதன்பின் அவர் சோர்ந்து கிடந்தார் எனக் கருதுவோரும் உளர். அவர் 1983 முதல் 1990 வரை தொலைக்காட்சியில் ‘கம்ப்யூட்டர் குரோனிகிள்ஸ்’ என்னும் நிகழ்ச்சியில் இணைந்து தோன்றிக் கணினிக்கலையைப் பொதுமக்களுக்கு விளக்கினார். போட்டியாளர் செய்த பொருள்களையும் காய்தல் உவத்தலின்றிப் பேசினார். கலைக்களஞ்சியம் ஒன்றனை முழுவதும் ஒரே ஒளிவட்டில் அடக்கி 1985-இல் வெளியிடுதற்கு அவர் தொடங்கிய மற்றொரு நிறுவனமே காரணம். டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனம் 1988-இல் வெளியிட்ட டி.ஆர்.டாஸ், தன்னை வென்றதன் வடிவிலேயே அதனோடு போட்டியிட்டது. 1991-இல் நிறுவனத்தை நோவெல் என்பார் வாங்கினர். கில்டாலுக்குச் செல்வம் சேர்ந்தது. டாரதி அம்மையாரோடு நடந்த மணவாழ்க்கை அதற்கு முன்னரே முறிந்துவிட்டது.

1992-இல் அவர் பயின்ற பல்கலைக்கழகத்தின் கணினித்துறை ஆண்டுவிழாக் கொண்டாடியது. சிறந்த பழைய மாணவர் என அவரை அழைத்திருந்தனர். தலைமையுரைக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனர் பில் கேட்ஸை அழைத்திருந்தனர். முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியர் கீழே அமர, கல்லூரிப் படிப்பை முடியாமல் நீங்கிய செல்வர் மேடையில் நின்றார். இதனால் உள்ளம் நொந்த கில்டால் தம் வரலாற்றைத் தாமே எழுதத் தொடங்கி, 1993-இல் படியெடுத்து நெருங்கியோர்க்கு மட்டும் அளித்தார். அதன் முற்பகுதி 2016-இல்தான் உலகோர் பார்வைக்கு வந்தது. மது அவர் கடைசி ஆண்டுகளைக் கெடுத்தது என்பதை மறைப்பதிற் பயனில்லை. 1994-ஆம் ஆண்டு ஜூலை மாதம் மான்டரேயில் ஒரு மதுக்கடையில் தலையில் அடிபட்டு, மூன்று நாள் கழிந்தபின், 11-ஆம் நாள் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 52. பிறந்த ஊராகிய சியாட்டிலின் வடபால் அவரை அடக்கம் செய்தனர்.

நிற்க. அவர் பெயரிட்ட பயாஸ், ஐ.பி.எம். அமைத்த வடிவில், அவருக்குப் பின்னும் ஆண்டுகள் பல வாழ்ந்தது. ஆயினும் அவ்வடிவம் மிகக் குறுகியது. வட்டின் முதற்பிரிவாகிய 512 பைட்டுகளை மட்டும் அது நினைவகத்தில் ஏற்றும். அதற்குள்ளேயே நான்கு பகிர்வுகளைக் காட்டும் அட்டவணையும் அடங்கவேண்டும். அவ்வட்டவணையைக் கொண்டு 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வட்டினை முழுதும் ஆள இயலாது. சில்லோ பழைய 8086 போல நடித்துக்கொண்டே விழிக்கவேண்டும். இவற்றை நீக்கக் கருதிய இன்டெல் நிறுவனம் முதலில் ஈ.எஃப்.ஐ. என்னும் முறையை வகுத்தது. 2005-இல் பல நிறுவனங்கள் கூடிய மன்றமொன்று அதனை ஏற்று யூ.ஈ.எஃப்.ஐ. என விரித்தது. இம்முறையில் சில்லின் நிரலே வட்டிலுள்ள ஒரு பகிர்வின் கோப்புகளைப் படிக்கவல்லது. குறித்த அடைவிலுள்ள கோப்பை ஏற்றி அதனிடம் ஆட்சியை ஒப்படைக்கும். அப்பகிர்வின் அமைப்பு மைக்ரோசாஃப்ட் டாஸ் வழியாகப் பரவிய ஃபேட் என்பது. கில்டால் கண்டிருந்தால் நகைத்திருப்பாரோ, நொந்திருப்பாரோ அறியேன்.

திறந்த இயங்குதளங்களைப் பேணுவோர்க்கு இது எளிய வேலையாய் இருக்கவில்லை. ஏற்றி எனப்படும் முகப்பு நிரலைச் சில்லின் நிரல் ஏற்கும் வடிவில் ஆக்கவேண்டும். நினைவகத்தில் எவ்வெப்பகுதி வெறுமை, எவ்வெப்பகுதி தீண்டத்தகாதது என்னும் வரைபடத்தைச் சில்லின் நிரலிடம் கேட்டுப் பெறவேண்டும். பின்னர் அதன் சேவைகளுக்கு விடைகொடுத்துவிட வேண்டும். விடைகொடுத்தபின் வட்டினைப் படிக்கவோ திரையில் எழுதவோ அதனை மீண்டும் அழைத்தல் இயலாது; வரைபடம் ஒருசிறிது மாறியிருந்தாலும் விடைபெறுதல் நிகழாது. ஃப்ரீ.பி.எஸ்.டி. என்னும் இயங்குதளத்தில் திரையே ஒரு தடையாயிற்று. பழைய முறையில் எழுத்துகளைத் தானே வரையும் திரைவடிவம் ஒன்று என்றும் காத்திருந்தது. புதுமுறையில் அதனை நம்புதல் இயலாது. ஆதலின் புள்ளி புள்ளியாகத் தானே எழுத்தை வரையும் புதிய முனைய நிரல் வந்த பின்னரே, 2014-இல் வெளியான 10.1-ஆம் பதிப்பு 64 பிட்டுக் கணினிகளில் யூ.ஈ.எஃப்.ஐ. வழியே விழித்தெழுந்தது. ஓப்பன்.பி.எஸ்.டி. 2016-இலும், நெட்.பி.எஸ்.டி. 2018-இலும் அவ்வாறு எழுந்தன. லினக்ஸ் இவற்றுக்கு முந்தியது; 2012 முதல் அதன் கருநிரலே ஏற்றியின் வேடம் பூண்டு சில்லின் நிரலோடு நேரே பேசவும் கற்றது.

இவ்வியங்குதளங்கள் யூனிக்ஸ் மரபின. அம்மரபும் பொறியைச் சார்ந்த பகுதியைத் தனியே பிரித்து வைப்பதே. அஃது அம்மரபினர் தாமே கண்ட வழி. ஆதலின் அதனைக் கில்டாலின் கொடை எனக் கூறத் துணியேன். ஆனால் மேசைமேல் நிற்கும் எளிய கணினியில், இயங்குதளம் ஒருபுறமும் பொறி ஒருபுறமும் நிற்க இடையே பெயர் பெற்ற வாயிலொன்று உண்டு என்னும் ஒழுங்கு அவரால் வந்தது. வாயிலின் ஒருபுறத்தை முற்றும் பெயர்த்தாலும் மறுபுறத்திற் கோப்புகளும் நிரல்களும் கலங்காமல் இருந்தன.

புதுவாயிலுக்குப் பூட்டும் ஒன்று வந்தது. ஏற்றியின்மேல் நம்பத்தக்க கையொப்பம் இருந்தாலன்றி அதனை விழிக்க விடாத முறை அது. 2012-இல் வந்த விண்டோஸ் 8-ஐத் தொடர்ந்து அது பரவியது. பெரும்பாலான கணினிகளில் பதிந்திருந்த திறவுகோல் மைக்ரோசாஃப்டினுடையது. பூட்டினை உரியவர் நீக்கிக்கொள்ளலாம் என்பது மெய். அவ்வாறு நீக்க அறியாதார் பலர். அவர் பொருட்டு லினக்ஸ் தொகுப்பாளர் சிறு முகப்பு நிரலொன்றை இயற்றி, அந்நிறுவனத்தாரிடமே கையொப்பம் பெற்று வழங்கினர். 1980-இல் ஒரு கையெழுத்துக்காகக் கில்டாலின் வாயிலில் நிகழ்ந்ததை அறிந்தவர்க்கு இதில் ஒரு கசப்பு இல்லாமற் போகாது.

லைட்ஹவுஸ் தெருவில் 801 என்னும் இலக்கமிட்ட அம்மாளிகையில், 2014-இல் மின்பொறியியலார் பேரவை ஒரு செப்பேட்டைப் பதித்தது. அவ்வாண்டே சி.பி.எம். நிரலின் தொடக்ககாலப் பதிப்புகளின் மூலவரிகளைக் கலிபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்றுக் காட்சிச்சாலை வெளியிட்டது. உரிமை யாரிடம் உள்ளது, எவ்வளவு உள்ளது என்னும் ஐயம் அதன்பின்னும் நீடித்தது. 2022-இல் உரிமையாளர் அதனைத் தெளிவாக்கி, சி.பி.எம். நிரலை எவரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என எழுதிக் கொடுத்தனர். இன்று அம்மூலவரிகளைத் திறந்து பயாஸ் பகுதியின் தலைப்பை நோக்குவார்க்கு, அவ்வாயில்கள் பதினேழும் வரிசையாக நிற்றலையும், முதல் வரியில் பூட் என்னும் சொல் இருத்தலையும் காணலாம்.